கியோட்டோவுக்கு இரண்டே டிக்கெட்

ஆகஸ்ட் 4

மருமகளுக்கு,

'அன்புள்ள' என்று எழுத வேண்டிய இடத்தை வேண்டுமென்றேதான் காலியாக விட்டிருக்கிறேன். நீ பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக.

நேற்று போனில், "மாமா, டிக்கெட் போட்டாச்சு, அம்மாவுக்கும் எனக்கும்" என்று நீ சொன்னதும் சட்டென்று பேச்சு நின்றதே, அது லைன் கெட்டதால் அல்ல. நான்தான் வைத்தேன். இனி உன்னோடு போனில் பேசுவதில்லை என்று உன் அத்தை முன்னிலையில் சபதம் செய்திருக்கிறேன். அவள், "அப்பாடா, வீட்டுல கொஞ்சம் சத்தம் குறையும்" என்றாள். எழுதமாட்டேன் என்று சபதம் செய்யவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

நான் கேட்கிறேன், இந்தக் குடும்பத்தில் ஜப்பான் என்ற வார்த்தையை முதன்முதலில் உச்சரித்தது யார்? நீ பிறப்பதற்கு முன்பே எங்கள் பஸ் டிப்போவுக்கு ஒரு ஜப்பான் இன்ஜினியர் வந்தார். இன்ஜினைப் பார்க்க வந்தவர், டைம் கீப்பர் அறையில் நான் பஸ்களை அனுப்பும் அழகைப் பார்த்து அசந்து, இன்ஜினை மறந்துவிட்டார். இடுப்பு வரைக்கும் குனிந்து வணக்கம் போட்டார். "எங்க கியோட்டோவுக்கு நீங்க கட்டாயம் வரணும்" என்றார். அவர் என்ன மொழியில் சொன்னார் என்று குறுக்குக் கேள்வி கேட்காதே. மனசுக்கு மனசு பேசினால் மொழி எதற்கு?

அப்படிப்பட்டவனை விட்டுவிட்டு இரண்டே இரண்டு டிக்கெட். பந்தல் போட்டவனுக்கே பந்தியில் இலை இல்லை.

போகட்டும். நான் பெரிய மனுஷன். ஐந்து நாளுக்கான திட்டத்தை நானே தயாரித்து இத்துடன் வைத்திருக்கிறேன். நாற்பத்தோரு இடம். ஒவ்வொன்றுக்கும் இருபத்திரண்டு நிமிடம். தங்கத் தகடு போட்ட கோயில், சிவப்பு வளைவு ஆயிரம், மூங்கில் காடு, மான்கள், மூன்றாம் நாள் மாலை நாலு பத்துக்கு ஃபூஜி மலை. காலை மூன்றரைக்கு எழுந்தால் எல்லாம் தாராளமாக முடியும்.

நேரங்களெல்லாம் என் முறைப்படி போட்டவை. என் முறை உனக்குத் தெரியும். ஆறு மணி பஸ்ஸை ஐந்தரை என்றுதான் சொல்வேன். மனுஷன் அரை மணி தாமதமாகத்தான் கிளம்புவான், அது அவன் ரத்தத்தில் இருக்கிறது. முப்பத்தொரு வருட சர்வீஸில் என் டிப்போவில் பஸ்ஸைத் தவறவிட்டவன் ஒருவன்கூட இல்லை. 'அரைமணி' என்று எனக்குப் பட்டப்பெயர் வைத்தார்களே, அது சும்மா வந்த பட்டமா?

மூன்றாவது டிக்கெட்டைப் போட்டுவிட்டு எழுது.

இப்படிக்கு,
உன் ஒரே தாய்மாமன்

ஆகஸ்ட் 11

அன்புள்ள மாமாவுக்கு,

நான் எழுதிவிட்டேன், பாருங்கள், 'அன்புள்ள'.

உங்கள் திட்டத்தை முழுதாகப் படித்தேன். மான்கள் இருப்பது பக்கத்து ஊர். ஃபூஜி மலை ரயிலில் பல மணி நேரம் தள்ளி இருக்கிறது. நாலு பத்துக்கு அது கியோட்டோவுக்கு வராது. இரண்டாம் நாளில் சாப்பாட்டுக்கு நேரமே இல்லை. நான்காம் நாளில் இரண்டு முறை சாப்பிடுகிறோம், இரண்டும் ஓடுகிற பஸ்ஸில். அம்மாவுக்கு இடது முழங்காலில் ஜவ்வு தேய்ந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? ஆயிரம் வளைவையும் இருபத்திரண்டு நிமிடத்தில் ஏறி இறங்க வேண்டுமாம். கூட ஒரு ஸ்ட்ரெச்சரும் போட்டுக்கொண்டு போகிறேன்.

இன்னொன்று. அந்த ஜப்பான் இன்ஜினியர் என் கல்யாணப் பேச்சு நடந்தபோது உங்களுக்குக் கை கொடுத்தார். போன வருடம் தோளில் தட்டினார். இப்போது இடுப்பு வரை குனிகிறார். அடுத்த கடிதத்தில் காலில் விழுந்துவிடுவார் என்று பயமாக இருக்கிறது.

நான் பல் கட்டும் லேபில் வேலை செய்கிறவள் மாமா. அரை மில்லிமீட்டர் தவறினால் பல் கடிக்காது, திரும்பி வந்துவிடும். அப்படித்தான் என் திட்டத்தையும் போட்டிருக்கிறேன். ஐந்து நாளில் ஒன்பது இடம். காலையில் ஒன்று, ஓய்வு, மாலையில் ஒன்று. கல் தோட்டத்தில் ஒரு மணி நேரம் சும்மா உட்காரப் போகிறோம். நான்காம் நாள் காலை பாசித் தோட்டம். எங்கள் லேப் காலண்டரில் நவம்பர் மாதப் படம் அதுதான். மரத்தடி முழுக்கப் பச்சைப் பாசி. அம்மா அந்த ஒரு தாளை மட்டும் கிழித்து ஃப்ரிஜ்ஜில் ஒட்டி மூன்று வருடமாகிறது. ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் அத்தனை வருடம் நீராவியில் நின்று பெட்ஷீட் தேய்த்தவர்கள். "குளுகுளுன்னு, யாரும் பேசாத இடமா இருக்கே" என்பார்கள். அங்கே முன்கூட்டியே நாளும் நேரமும் வாங்கிக்கொண்டுதான் போக முடியும். வாங்கிவிட்டேன். இரண்டு பேருக்கு.

உங்களை விட்டது நான். நானே எடுத்த முடிவு. அம்மாவுக்கு இதில் பங்கில்லை. கோபம் இருந்தால் என்மேல் வையுங்கள்.

இப்படிக்கு,
மருமகள்

ஆகஸ்ட் 16

பல்லுக்காரிக்கு,

கடிதம் கிடைத்தது. படித்தேன். உன் அத்தைக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். ஸ்ட்ரெச்சர் வரியில் அவள் சிரித்தாள். இந்த வீட்டில் இப்போது நான் எதிர்க்கட்சி.

ஐந்து நாளில் ஒன்பது இடமா? இதற்கு எதற்கு ஜப்பான்? மொட்டைமாடியில் பாயை விரித்து இடம் மாற்றி மாற்றி உட்கார்ந்தால் பத்தே ஆகிவிடுமே. அந்தக் கல் தோட்டத்தைப் பற்றி விசாரித்தேன். மொத்தம் பதினைந்து கல். பதினைந்தை எண்ண ஒரு மணி நேரமா? நான் ஒன்பதாம் வகுப்பை மூன்று வருடம் ஆழ்ந்து படித்தவன், எனக்கே இரண்டு நிமிடம் போதும். எங்கே உட்கார்ந்து பார்த்தாலும் ஒரு கல் மறைந்துகொள்ளுமாம். எழுந்து நின்று எட்டிப் பார்க்க வேண்டியதுதானே!

அப்புறம் பாசி. பாசியைப் பார்க்க விமானம் ஏறுகிறாள் என் அக்கா! என் வீட்டுக் குளியலறைக்குப் பின்னால் வரச் சொல். நாளும் வேண்டாம், நேரமும் வேண்டாம், எப்போது வேண்டுமானாலும் வழுக்கி விழலாம்.

இன்ஜினியரைக் கிண்டல் செய்தாய். சரி. அன்றைக்கு வந்தவர்கள் மூன்று பேர் என்ற உண்மையை அடக்கத்தால் இத்தனை நாள் சொல்லவில்லை. இனி சொல்லியே தீருவேன்.

'நானே எடுத்த முடிவு' என்கிறாய். அதுதான் என் வயிற்றெரிச்சல். நேற்று முளைத்த நீ, எனக்கும் என் அக்காவுக்கும் நடுவே வேலி போடுகிறாயா? கூட டைம் கீப்பர் இல்லாமல் உன் அம்மா ஜப்பானுக்குப் போய்விடுவாளா? அங்கே ரயில் நொடி தப்பாமல் போகுமாம். உன் அம்மா நேரத்துக்கு எங்கேயாவது போய்ச் சேர்ந்த சரித்திரம் உண்டா? எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன், நீ எழுத வைக்கிறாய். எங்கள் அப்பா போன அன்றைக்குக் காலையில் நானே டிப்போவிலிருந்து போன் போட்டு பஸ் நேரம் சொன்னேன். அக்கா எப்போது வந்தாள்? எல்லாம் முடிந்து ஐம்பது நிமிடம் கழித்து. கண் மூடும் வரைக்கும் அவர் கேட்டது அவளைத்தான். கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான். பெற்ற அப்பனைவிடப் பெட்ஷீட் பெரிதாகப் போய்விட்டது அவளுக்கு. பதினோரு வருடமாகிறது. எனக்கு இன்னும் ஆறவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன், கேட்காதவர்களிடமும் சொல்லியிருக்கிறேன்.

அப்படிப்பட்டவளை நீ தனியாகக் கூட்டிக்கொண்டு போகிறாய். விமானம் காத்திருக்காது அம்மா. அப்பா காத்திருந்த மாதிரி காத்திருக்காது.

மாமன்

ஆகஸ்ட் 22

மாமா,

நீங்கள் விட்டது போலவே நானும் இந்த முறை இடம் விட்டிருக்கிறேன்.

போன கடிதத்தில் நான் ஒரு பொய் எழுதினேன். உங்களை விட்டது நான் இல்லை. மூன்று டிக்கெட் போடத்தான் உட்கார்ந்தேன். அம்மா வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். "அவன் வேணாம்" என்றார்கள். நீங்கள் வாயாடி என்பதால் சொல்கிறார்கள் என்று நினைத்துச் சிரித்தேன். ஏன் என்று கேட்டேன். சொல்லவில்லை. அம்மாவைக் காட்டிக்கொடுக்க மனம் வராமல் பழியை நான் ஏற்றுக்கொண்டேன்.

உங்கள் கடிதம் வந்தபோது நான் லேபில் இருந்தேன். உறையை அம்மா பிரித்திருக்கிறார்கள். நான் வீட்டுக்குப் போனபோது இஸ்திரிப் பெட்டி சூடாகி வாசம் வந்துகொண்டிருந்தது, அம்மா அதைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார்கள்.

"பெட்ஷீட்டுன்னு எழுதியிருக்கான்" என்றார்கள். அப்புறம்தான் சொன்னார்கள். அவர்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அன்னைக்கு அவன் போன் பண்ணி, 'அக்கா, பத்து மணிக்கு பஸ், கிளம்பி வா'ன்னான். அவன் பத்துன்னா பத்தரைதானே? எத்தனை வருஷமா பாக்கறோம். என் கல்யாணத்துக்கே அவன் சொன்ன நேரத்தை நம்பி எல்லாரும் அரை மணி ரோட்டுல நின்னோம். அதனால கையில இருந்த நாலு பெட்ஷீட்டையும் தேய்ச்சு வெச்சுட்டுப் போனேன். லீவு சொல்லும்போது பாதி வேலையில விட்டுட்டுப் போகக் கூடாதுன்னு. பத்து இருபத்தஞ்சுக்கு ஸ்டாண்டுல நிக்கறேன். பஸ் போயிடுச்சு. பத்துக்கே போயிடுச்சாம். அன்னைக்கு மட்டும் உண்மையைச் சொல்லியிருக்கான்."

அடுத்த பஸ் பன்னிரண்டுக்கு. உங்கள் ஊருக்கு இரண்டரை மணி நேரப் பயணம். முதல் பஸ்ஸைப் பிடித்திருந்தால் தாத்தா பேசிக்கொண்டிருக்கும்போதே போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

இதை ஏன் மாமாவிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா தாங்கமாட்டான். அப்பாவைப் பாத்துக்கிட்டது அவன்தானே" என்றார்கள். உங்களுக்காக வாயை மூடிக்கொண்டிருந்தார்கள் மாமா. நீங்கள் வீடு வீடாகப் போய் பெட்ஷீட் கதை சொன்ன பதினோரு வருடமும். சித்தப்பா வீட்டு விசேஷத்தில், "வாங்க வாங்க, சாப்பாட்டுக்காவது நேரத்துக்கு வந்தீங்களே" என்று ஒருவர் கேட்டபோதும்.

இதற்கு மேல் எழுத எனக்கு வார்த்தை இல்லை. உங்களிடம்தான் எப்போதும் நிறைய இருக்கும்.

மருமகள்

செப்டம்பர் 19

அன்புள்ள மருமகளுக்கு,

நான்கு வாரம் எழுதவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. நான் மூன்று நாள் பேசாமல் இருந்ததைப் பார்த்து உன் அத்தைதான் டாக்டரைக் கூட்டி வந்தாள்.

உன் கடிதத்தைப் படித்ததும் நான் செய்த முதல் காரியம், அதைப் பொய் என்று நிரூபிக்கக் கிளம்பியதுதான். மறைக்காமல் சொல்கிறேன். பத்து மணி வண்டியை நான் பத்து மணி என்று சொல்வதாவது? நடக்காத காரியம். டிப்போவுக்குப் போனேன். பழைய பதிவேடுகளையெல்லாம் டயர் அறையில் மூட்டை கட்டிப் போட்டிருக்கிறார்கள். இப்போதைய டைம் கீப்பர், "என்ன அண்ணே, பென்ஷன்ல ஏதாவது தகராறா?" என்று கேட்டான். "மானத்துல தகராறு" என்றேன். இரண்டு நாள் தேடினேன். மூன்றாவது மூட்டையில் அந்த மாதம் கிடைத்தது.

அக்கா ஊரிலிருந்து இங்கே திரும்பும் எங்கள் டிப்போ வண்டி, பத்து பூஜ்யம் பூஜ்யம். முதல் நாளே எழுதி வைத்த புறப்பாட்டு நேரம். என் கையெழுத்து. கீழே என் கையொப்பம்.

பதிவேட்டில் என்றைக்குமே உண்மை நேரத்தைத்தான் எழுதுவேன், வாயில்தான் அரை மணி. ஆனால் அன்று காலையை நினைத்துப் பார்த்தேன். அப்பா இருந்த ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து நிலைமையைச் சொன்னான். உடனே அக்காவுக்கு போன் போட்டேன். பதிவேடு எதிரே திறந்திருந்தது. அதில் இருந்ததை அப்படியே படித்துவிட்டேன். அரை மணி குறைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அப்பா போகப் போகிறார் என்றால் யாருக்கு ஜோடிக்கத் தோன்றும்?

என் சர்வீஸில் பஸ்ஸைத் தவறவிட்டவர் யாருமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருத்தி இருந்திருக்கிறாள்.

அப்புறம் பட்டியல் போட்டேன். பெட்ஷீட் கதையை எங்கெங்கே சொன்னேன் என்று. பதினோரு வீடு, ஒரு முடிவெட்டும் கடை. எல்லா இடத்துக்கும் நடந்தே போனேன். "அன்னைக்கு அக்கா தாமதமா வந்ததுக்குக் காரணம் நான்தான்" என்று முழுக்கதையையும் சொன்னேன். கூட்டாமல் சொன்னேன். உப்பில்லாமல் பேசுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? நாக்கு தானாகப் போய் எதையாவது எடுத்துக்கொள்கிறது. முதல் வீட்டில் பஸ்ஸுக்குப் பஞ்சர் என்று ஆரம்பித்துவிட்டு, நிறுத்தி, மன்னிப்புக் கேட்டு, மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

அதில் எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேள். இரண்டு வீட்டில், "அப்படியா? எங்களுக்கு அதெல்லாம் ஞாபகமே இல்லையே" என்கிறார்கள்! பதினோரு வருடம் நான் ஆறாமல் சுமந்ததை இவர்கள் வாசலிலேயே உதறிவிட்டுப் போயிருக்கிறார்கள். தையல்காரர் மனைவி மட்டும், "நாங்க அப்பவே நம்பலை தம்பி. உங்க அக்காவை எங்களுக்குத் தெரியாதா?" என்றாள். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன். ஒரு வீட்டுப் பெரியவர் இறந்துபோயிருந்தார். அவர் மகனிடம் சொன்னேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

எனக்கு டிக்கெட் வேண்டாம். நீங்கள் இருவரும் போய் வாருங்கள். உன் ஒன்பது இடம் சரியான கணக்குதான். பாசித் தோட்டத்துக்கு உன் அம்மாவை முதல் ஆளாகக் கூட்டிக்கொண்டு போ. அவள் பதினோரு வருடம் பேசாமல் இருந்தாள், பேசாத இடம் அவளுக்குத்தான் சேரும்.

அக்காவை நேரில் பார்க்க வர வேண்டும் என்று மூன்று முறை ஸ்டாண்டு வரைக்கும் போனேன். மூன்று பஸ்ஸையும் அனுப்பிவிட்டுத் திரும்பினேன். எனக்குத் தைரியம் இல்லை. இந்த வரியை என் வாழ்க்கையில் எழுதியதே இல்லை, எப்படி எழுதுவது என்றே தெரியாமல்தான் எழுதியிருக்கிறேன்.

உன் மாமா

செப்டம்பர் 27

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே செய்தி வந்துவிட்டது. தையல்காரர் மனைவி போன் செய்தார். அன்று மாலைக்குள் இன்னும் நான்கு பேர். அம்மாவுக்கு வந்த கோபத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.

"யாரைக் கேட்டு என் விஷயத்தை ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறான்? முடிவெட்டற கடையிலயா சொல்லுவான்? பாதி முடி வெட்டின ஆளுங்களெல்லாம் என் கதையைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருப்பாங்களே! முன்னாடி தப்பா சொல்லி மானத்தை வாங்கினான், இப்ப சரியா சொல்லி வாங்கறான்!"

இரண்டு நாள் இதே பாட்டு. மூன்றாம் நாள் உங்கள் கடிதம் வந்தது. நான் படிக்கப் படிக்க, துணி மடித்துக்கொண்டே கேட்டார்கள். பஞ்சர் இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சிரித்தார்களா என்று தெரியவில்லை. ஸ்டாண்டு வரைக்கும் போய்த் திரும்பினீர்கள் என்ற இடத்தில், "மூணு தடவையா?" என்று கேட்டார்கள். மூன்று தடவை என்றேன். துணியை முழுக்க மடித்து அலமாரியில் வைத்துவிட்டு வந்தார்கள்.

"அவனுக்கும் ஒண்ணு போடு."

நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்தது. "மூணு சீட்டும் ஒரே வரிசையில இருக்கணும். ஜன்னல் எனக்கு. வழி ஓரம் உனக்கு. அவனை நடுவுல போடு. ரெண்டு பக்கமும் ஆள் இருந்தா எழுந்து போய் விமானம் ஓட்டறவனுக்கு யோசனை சொல்லமாட்டான்."

பாசித் தோட்டத்துக்கு மூன்றாவது ஆளுக்கும் இடம் கேட்டு எழுதிவிட்டேன், கிடைத்துவிட்டது. அங்கே உள்ளே இருக்கும் வரைக்கும் நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. "வெளிய வந்து சொல்லட்டும். ஒண்ணைப் பத்தாத்தான் சொல்லுவான். நான் கேட்டுக்கறேன்" என்றார்கள்.

பாஸ்போர்ட் நகலும் நான்கு போட்டோவும் உடனே அனுப்புங்கள்.

அன்புடன்,
மருமகள்

அக்டோபர் 1

அன்புள்ள மருமகளுக்கு,

நடு சீட்டா?

முப்பத்தொரு வருடம் வண்டிகளை அனுப்பி வைத்தவனுக்கு நடு சீட்டா? எந்த பஸ்ஸில் நான் ஏறினாலும் டிரைவருக்குப் பின்னால் இருக்கும் ஜன்னல் சீட்டைத் துடைத்துக் கொடுப்பார்கள். உட்கார்ந்திருப்பவரை எழுப்பிவிட்டுக்கூட ஒருமுறை கொடுத்தார்கள், அவர் ஒரு நீதிபதி என்று அப்புறம் தெரிந்தது. அப்படிப்பட்டவன் நடு சீட்டில் இரண்டு முழங்கையையும் மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கியவன் மாதிரி ஜப்பான் வரைக்கும் போக வேண்டுமா? வானத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அக்கா தலைக்கு மேல் எட்ட வேண்டும். கழிவறைக்குப் போக வேண்டுமென்றால் உன்னிடம் மனுக் கொடுக்க வேண்டும். தோட்டத்துக்குள் வாயும் திறக்கக் கூடாது. இது சுற்றுலாவா, காவலில் வைத்துக் கொண்டுபோவதா? அநியாயம். அக்கிரமம். பெரியவள் என்பதால் என்ன வேண்டுமானாலும் செய்யலாமா? என் கடுமையான கண்டனத்தை அக்காவிடம் சொல். வார்த்தை குறையாமல் சொல்.

நான்கு போட்டோ கேட்டாய். எட்டு வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் நகல் மூன்று.

முதலில் டிக்கெட்டைப் போடு. அப்புறம் கண்டனத்தைச் சொல். அவள் மனசு மாறிவிடப் போகிறது.

மாமா